ஹெல்மெட்டுக்குள் ஒரு தேங்காய்

ஜேர்மன் அலுவலகங்களோடு கடிதத்தால் சண்டை பிடித்து ஒருமுறை வென்றவனை எப்படியாவது திருத்திவிடலாம். பலமுறை வென்றவனைத் திருத்த முடியாது. நான் இரண்டாவது வகை.

ஹனோவரில் எங்கள் வீட்டுக் கடித இலாகா எனக்குப் பத்து வயதானபோதே என் கைக்கு வந்துவிட்டது. அப்பாவும் அம்மாவும் ஜேர்மன் மொழியைப் பேசிச் சமாளிப்பார்கள். கடிதம் என்றால் என்னைக் கூப்பிடுவார்கள். எந்த அலுவலகம் எதை மறுத்தாலும், அந்த மறுப்புக் கடிதத்தின் அடியிலேயே, நீங்கள் இதற்கு ஆட்சேபம் எழுதலாம் என்று அவர்களே எழுதியிருப்பார்கள். அதற்கு 'வீடர்ஷ்புருக்' என்று பெயர். (அடிக்க வந்தவன் போகும்போது தடியை எங்கள் கையில் தந்துவிட்டுப் போகிற நாடு இது.) மேல்மாடி ராணி அக்கா பால்கனியில் மிளகாய் காயப்போடக் கூடாது என்று வீட்டு நிர்வாகம் சொன்னது. எழுதினேன், வென்றேன். சித்தப்பாவின் மகனை உயர்தரப் பள்ளிக்கு எடுக்க முடியாது என்றார்கள். எழுதினேன், அவன் இன்று பல் வைத்தியர். இப்படியே போய், இருபத்தாறு வயதில், நான் எழுதினால் ஜேர்மனியே வளைந்து கொடுக்கும் என்று மனமார நம்பினேன்.

அந்த வயதில் நான் ஒரு நட்சத்திரமும்கூட. பகலில் ஒரு கிடங்கு நிறுவனத்தில் கணினிக்கு முன்னால் இருப்பேன். மாலையில் அமெரிக்கன் ஃபுட்பால். தோளில் கவசம், தலையில் ஹெல்மெட், கையில் முட்டை வடிவப் பந்து, துரத்த எட்டுப் பத்துத் தடியர்கள். பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுவதுதான் என் வேலை. நாங்கள் இருந்தது மிகக் கீழ்ப் பிரிவு. பார்வையாளர்கள் என்றால் வீரர்களின் காதலிகள், அம்மாமார், தொத்திறைச்சி வாட்டுகிற இருவர். இருந்தாலும் இலவச வாரப் பத்திரிகையில் என் படம் வந்தது. (முதுகுதான் தெரிந்தது. முதுகிலும் ஒரு கம்பீரம் இருந்தது.)

அம்மா ஒருமுறை கைபேசியில் என் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, "ஒருத்தனைப் பிடிக்க ஏனடா இத்தினை பேர்? நீ என்ன கள்ளனே?" என்று கேட்டார். அப்பா அதைக்கூடப் பார்க்கவில்லை. "தலையால முட்டுறதுக்கே இவனை யூனிவேர்சிட்டி வரை படிப்பிச்சனான்?" என்பதோடு அவருடைய விளையாட்டு விமர்சனம் முடிந்துவிடும். ஆறு வருடங்களில் ஒரு ஆட்டத்துக்கும் அவர் வந்ததில்லை. அது என்னைச் சுட்டது. வெளியே சொன்னதில்லை, ஆனால் ஒவ்வொரு முறை பந்தோடு எல்லைக் கோட்டைத் தாண்டி விழும்போதும் முதலில் பார்வையாளர் பக்கம்தான் பார்ப்பேன்.

என் ஹெல்மெட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். ஊர் திரும்பிய ஒரு அமெரிக்க மாணவன் எனக்கு விட்டுப்போனது. அவனுக்கு யார் விட்டுப்போனார்களோ தெரியாது. அதை முதல்முறை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, புதுக் காருக்குச் செய்வதுபோல இதற்கும் செய்யவேண்டும் என்று அம்மா அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய் அர்ச்சனை செய்வித்தார். ஐயர் கொஞ்சம் யோசித்துவிட்டு அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். உள்ளே, ஸ்பொஞ்சுக்கும் ஓட்டுக்கும் இடையில், ஒரு விபூதிப் பொட்டலம் ஒட்டப்பட்டது. அந்தக் குங்குமத்தை இரத்தம் என்று நினைத்து ஒரு நடுவர் ஆட்டத்தையே நிறுத்தியிருக்கிறார். அந்த ஹெல்மெட் இல்லாமல் என்னால் ஓட முடியாது என்று நான் நம்பினேன். ஐயருக்குக்கூட அவ்வளவு நம்பிக்கை இருந்திருக்காது.

அந்த வருட வசந்தத்தில், ஆட்டங்களை நடத்துகிற லீக்கிடமிருந்து கடிதம் வந்தது. குறிப்பிட்ட வயதைத் தாண்டிய ஹெல்மெட்டுகளை இனிமேல் அணியக் கூடாது. என் பெயரும் ஹெல்மெட்டின் வயதும் போட்டிருந்தார்கள்.

"அலுமாரியில் புதியது இருக்கிறது, எடுத்துப் போடு" என்றார் பயிற்சியாளர் யென்ஸ். அவருக்கு அது இரண்டு நிமிட விஷயம்.

"நான் வீடர்ஷ்புருக் எழுதப்போகிறேன்" என்றேன்.

யென்ஸ் கடிதத்தை வாங்கி இன்னொருமுறை வாசித்தார். "யாருக்கு எதிராக? ஸ்பொஞ்சுக்கு எதிராகவா?"

பதினொரு பக்கம் எழுதினேன். பழைய பொருளை வயதை வைத்து ஒதுக்குவது அநீதி என்றேன். என் ஹெல்மெட்டின் சாதனைப் பட்டியலை இணைத்தேன். நான்காம் பக்கத்தில் மனித மாண்பு என்ற சொல்லையும் பயன்படுத்தினேன். (யாருடைய மாண்பு என்று இப்போது நினைவில்லை. ஹெல்மெட்டினுடையதாக இருக்கலாம்.) பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, மிளகாய் வழக்கில் வென்ற அதே நிதானத்தோடு காத்திருந்தேன்.

பதில் மூன்று வரி. ஆட்சேபம் கிடைத்தது, விசாரிக்கப்படும், முடிவு வரும்வரை நான் விளையாட முடியாது.

அதாவது, ஆட்சேபிக்காமல் இருந்திருந்தால் புது ஹெல்மெட்டோடு அந்த ஞாயிறே ஓடியிருக்கலாம். நான் எழுதிய கடிதமே என்னை மைதானத்து ஓர வாங்கில் உட்காரவைத்தது. மூன்று ஆட்டங்கள் நான் ஓரத்தில் நின்று கைதட்ட, என் இடத்தில் லூக்காஸ் என்ற நெட்டையான மாணவன் ஓடினான். அவன் நன்றாக ஓடினான் என்பதை இங்கே சொல்லவேண்டிய அவசியமில்லை.

கடிதத்தைத் திரும்பப் பெறு என்று யென்ஸ் கெஞ்சினார். நட்சத்திரங்கள் திரும்பப் பெறுவதில்லை என்றேன். (சத்தியமாக அப்படித்தான் சொன்னேன். இப்போது எழுதும்போது காது சுடுகிறது.)

கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணைக்கு டெர்மின், அதாவது நாளும் நேரமும், கிடைத்தது. மறுநாள் ஞாயிறு, பருவத்தின் கடைசி ஆட்டம், வென்றால் மேல் பிரிவு. அதே வாரத்தில்தான் அம்மா என்ன மந்திரம் போட்டாரோ, அப்பா சாப்பாட்டுக்கு நடுவில், "ஞாயிற்றுக்கிழமை நானும் வாறன். என்ன கூத்தெண்டு பாப்பம்" என்றார். ஆறு வருடமாகக் காத்திருந்தது ஒரு வாக்கியத்தில் வந்துவிட்டது, நானோ தடையில் இருக்கிறேன். அதை அவரிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

அப்பா விசாரணைக்கும் வந்தார். டெர்மின் என்றால் அவருக்குக் கோட் போடவேண்டும், அரை மணி முன்னதாக வாசலில் நிற்கவேண்டும்.

"நீங்கள் ஏன் அப்பா? நான் தனியப் போவன்."

"சின்னனில எனக்காக எத்தினை டெர்மினுக்கு வந்து பக்கத்தில இருந்தனீ? இண்டைக்கு நான் இருக்கிறன்."

புறப்படும்போது அம்மா ஒரு தேங்காயைப் பையில் போட்டுத் தந்தார். "போற வழியில பிள்ளையாருக்கு உடைச்சுப்போட்டுப் போங்கோ." கோயில் நகரத்தின் மறுபக்கம். நேரத்துக்கு முன்னதாகப் போய் நிற்கவேண்டும் என்ற அப்பாவின் அவசரத்தில் தேங்காய் உடைபடாமலே எங்களோடு விசாரணைக்கு வந்துவிட்டது.

ஒரு விளையாட்டு மண்டபத்தின் பின்னறை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் லின்டமான் அம்மையார், லீக்கின் ஹெல்மெட் விதிகளுக்குப் பொறுப்பானவர், பள்ளியில் பௌதிகம் படிப்பிப்பவர். அவருக்கு முன்னால் என் பதினொரு பக்கமும் இருந்தது, பக்கங்களின் ஓரத்தில் பென்சில் குறிப்புகளோடு.

அவர் அமைதியாகச் சொன்னார். ஓடு நன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் ஸ்பொஞ்ச் காலப்போக்கில் இறுகிவிடும், அடியை வாங்காது, தலைக்கே அனுப்பிவிடும். "உங்களுடையது இன்னும் வேலை செய்கிறது என்பதற்கு என்ன ஆதாரம்?"

ஆதாரம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு உசார் வந்துவிடும். சுற்றிப் பார்த்தேன். மேசையில் ஹெல்மெட். காலடியில் பை. பைக்குள், தலையளவு இல்லாவிட்டாலும் தலையை நினைவூட்டக்கூடிய ஒன்று.

"காட்டுகிறேன்" என்றேன். தேங்காயை வெளியே எடுத்தேன்.

அப்பா என் கையைப் பிடித்தார். "டேய், அது பிள்ளையாருக்கு நேர்ந்தது!"

"அவருக்காகத்தான் அப்பா. விடுங்கோ."

தேங்காயை ஹெல்மெட்டுக்குள் வைத்து, அசையாமல் இருக்க அப்பாவின் கழுத்துச் சால்வையால் இறுக்கினேன். நாடிப்பட்டியைப் பூட்டினேன். கதிரையில் ஏறினேன். இதுதான் என் தலை என்று வையுங்கள், என்று மூவருக்கும் ஒரு சிறு உரை நிகழ்த்தினேன். பிறகு இரண்டு கையாலும் தூக்கிக் கல் தரையில் போட்டேன்.

ஹெல்மெட் ஒருமுறை துள்ளி, உருண்டு, லின்டமான் அம்மையாரின் சப்பாத்தருகே போய் நின்றது. ஓட்டில் ஒரு கீறல்கூட இல்லை. கதிரையில் நின்றபடியே கைகளை விரித்தேன். "பார்த்தீர்களா?"

எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹெல்மெட்டின் காதுத் துளை வழியாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

லின்டமான் அம்மையார் குனிந்து பட்டியைக் கழற்றினார். சால்வையை உருவினார். உள்ளே என் தலை, அளந்து வெட்டியதுபோலச் சரிபாதியாக, இரண்டாகக் கிடந்தது.

அப்போதுதான் அப்பா எட்டிப் பார்த்தார். நாற்பது வருடக் கோயில் பழக்கம், அவரால் வாயை அடக்க முடியவில்லை. முகம் மலர்ந்து, "அட, சரிபாதியா உடைஞ்சிருக்கு! நல்ல சகுனம்!" என்றார்.

"உங்கள் அப்பா என்ன சொல்கிறார்?" என்று கேட்டார் லின்டமான் அம்மையார்.

பத்து வயதிலிருந்து மொழிபெயர்க்கிறேன். ஒருமுறையும் இவ்வளவு கவனமாகச் சொல் பொறுக்கியதில்லை. "நன்றாக உடைந்திருக்கிறது என்கிறார்."

"அதை நாங்களும் பார்க்கிறோம்" என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு சொல்லாக, அப்பாவுக்கும் விளங்கும்படி கேட்டார். "ஆறு வருடம் உங்கள் தலை இதற்குள்தான் இருந்ததா?"

அப்பாவின் முகத்திலிருந்த மலர்ச்சி இறங்கிப்போனது. அவர் ஹெல்மெட்டை வாங்கினார். அப்பா இருபது வருடம் மெத்தைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர், ஸ்பொஞ்சைத் தொட்டே வயது சொல்லக்கூடியவர். அந்த ஆறு வருடத்தில் அவர் ஒருமுறை ஆட்டத்துக்கு வந்து இந்த ஹெல்மெட்டைக் கையில் எடுத்திருந்தால் விஷயம் அன்றே முடிந்திருக்கும். அதை நினைத்தாரோ என்னவோ, பெருவிரலால் உள்ளே அழுத்தினார். இன்னொரு இடத்தில் அழுத்தினார். எங்கும் அமுங்கவில்லை.

"இது செத்த ஸ்பொஞ்சடா" என்றார். கதிரையில் நின்ற என் கையைப் பிடித்துக் கீழே இழுத்தார். "இதுக்குள்ளயே தலையை வைச்சிருந்தனீ?"

நான் கதிரையிலிருந்து இறங்கினேன். பதினொரு பக்கத்தில் ஒரு வரிகூட அந்த நேரத்தில் உதவவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட, அவர் பயந்ததைப் பார்த்து அழுகை வந்தது.

அப்பா மேசைப் பக்கம் திரும்பித் தன் ஜேர்மனில் சொன்னார். "புது ஹெல்மெட். என் மகன். தயவுசெய்து." என் வாழ்க்கையில் நான் கேட்ட மிகச் சிறந்த விண்ணப்பம் அதுதான். என்னிடம், "கடிதத்தைத் திருப்பி வாங்கு" என்றார். அங்கேயே ஒரு தாளில் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வைத்தேன். லின்டமான் அம்மையார் முத்திரை குத்தினார். தடை நீங்கிவிட்டது. மொத்தம் அரை நிமிடம் எடுத்தது.

நேர்ந்த தேங்காயை வீணாக்கக் கூடாது என்பதில் அப்பா உறுதியாக இருந்தார். கோட் பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்து, துண்டு துண்டாகக் கீறி, மூவருக்கும் கொடுத்தார். மறுக்கத் தெரியாமல் வாங்கிச் சாப்பிட்டார்கள். பிறகு எனக்கு வந்த விசாரணை அறிக்கையின் கடைசி வரி இப்படி இருந்தது: "ஆதாரப் பொருள் சமூகமளித்தோரால் உண்ணப்பட்டது."

ஞாயிறு ஆட்டத்தில் லூக்காஸ்தான் ஓடினான், இரண்டு முறை கோட்டையும் தாண்டினான். கடைசி நிமிடங்களில் அவனுக்குக் கால் பிடித்துக்கொள்ள, யென்ஸ் என்னை அனுப்பினார். தலையில் அலுமாரி வாசனை போகாத புது ஹெல்மெட். பந்தை வாங்கிய மூன்றாம் அடியில் ஒரு மலை என் மேல் வந்து விழுந்தது. புல்லில் மல்லாந்து கிடந்தேன். பார்வையாளர் பக்கமிருந்து, கோட் போட்ட ஒருவர் எழும்பி நின்று தமிழில் கத்தினார்.

"டேய் சசி! தேங்காய் சரியோ?"

"சரி அப்பா!" என்று கையைத் தூக்கினேன். எங்கள் பக்கம் முழுக்கக் கைதட்டியது. என்ன கேட்டார் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆட்டத்தில் லூக்காஸின் புண்ணியத்தில் வென்றோம்.

லின்டமான் அம்மையார் ஓய்வுபெற்றபோது அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டினார். இப்போது ஒவ்வொரு வசந்தத்திலும் நான்தான் இந்த வட்டாரத்து ஹெல்மெட்டுகளைப் பெருவிரலால் அழுத்திப் பார்க்கிறேன். ஆட்சேபக் கடிதங்கள் வருகின்றன. மூன்று வரியில் பதில் போடுகிறேன். வீட்டில் யார் தடக்கி விழுந்தாலும், சைக்கிளிலிருந்து என் மகள் சறுக்கினாலும், முதல் கேள்வி ஒன்றுதான்.

போன மாசி மாதம் வாசல் படியில் பனி உறைந்திருந்தது. அப்பா குப்பை கொட்டப் போனவர் அப்படியே மல்லாந்து விழுந்தார். சத்தம் கேட்டுச் செருப்பில்லாமல் ஓடினேன். கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். பக்கத்தில் முழந்தாளிட்டு, வேறு சொல் ஒன்றும் வராமல், "அப்பா, தேங்காய் சரியோ?" என்றேன்.

கண்ணைத் திறக்காமலே சொன்னார். "பாரடா. சரிபாதியா உடைஞ்சிருந்தா நல்ல சகுனம்."