தலைக்குக் காய்ச்சியது இலைக்கு வந்த கதை

தலையில் முடி நிறைய இருப்பவன் கண்ணாடியைப் பார்ப்பான். முடி கொட்டுகிறவன் சீப்பைப் பார்ப்பான். நான் பல வருஷமாகச் சீப்பைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற கட்சி. அதனால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை, என் மகள் நிவேதாவுக்குத் திண்டிவனத்தில் இடம் அமைகிற வரைக்கும்.

பெண் பார்க்க விழுப்புரத்துக்கு வந்த அன்று அவர்கள் காபியோடு நிறுத்திக்கொண்டார்கள். "ஞாயித்துக்கெழம வந்து சாப்புடறோம்" என்று பிறகு போன் வந்தது. சாப்பாடு என்றால் சும்மா இல்லை. பெண் வீட்டில் கை நனைத்தால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். பாதி இலையில் எழுந்து போனால் அதற்கும் ஒரு அர்த்தம் உண்டு. (அதை எங்கள் தெரு ஆறு மாதத்துக்கு விளக்கிக்கொண்டிருக்கும்.) நிவேதாவுக்கோ பையனை ரொம்பப் பிடித்துவிட்டது.

என் கவலை வேறு. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு என்னைவிட வயது அதிகம். முடி அதைவிட அதிகம். அவர் பக்கத்தில் நான் நின்றால் என்னை அவருக்குப் பெரியப்பா என்று நினைத்துக் கும்பிடுவார்கள்.

செல்போன் வீடியோவில் ஒரு அம்மணி, ஷாம்புவை வீட்டிலேயே செய்யச் சொன்னார். நாட்டு மருந்துக் கடைக்கு ஓடினேன். சனிக்கிழமை சாயந்திரம் பூந்திக்கொட்டை, சீயக்காய், கொஞ்சம் வெந்தயம் எல்லாவற்றையும் வேகவைத்து, பிசைந்து, பழைய வேட்டியில் வடிகட்டினேன். பழுப்பாக ஒரு தண்ணீர் கிடைத்தது. எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தேன்.

பக்கத்திலேயே, அதே மாதிரிப் பாத்திரத்தில், என் மனைவி மல்லிகா ரசத்துக்குப் புளி கரைத்து வைத்திருந்தாள். (உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். எனக்குப் புரிய மறுநாள் மதியம் ஆயிற்று.)

காலையில் தேய்த்துக் குளித்தேன். நுரையே இல்லை. இயற்கை என்றால் அடக்கமாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். கண் எரிந்தது. வேர்க்கால் திறக்கிறது! காய்ந்ததும் இருந்த முடியெல்லாம் விறைத்து நின்றது. வலுவேறிவிட்டது! இரண்டு ஈக்கள் தலையைச் சுற்றின. அவற்றுக்காவது என் அருமை தெரிகிறதே!

மதியம் பந்தி. சாம்பார், காரக்குழம்பு எல்லாம் நல்லபடியாக முடிந்து ரசம் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா கையில் வாங்கி உறிஞ்சினார். அவர் முகம் எங்கோ வெளியூர் போய்விட்டுத் திரும்பி வந்தது.

"வேப்பம்பூ ரசமா சம்பந்தி? ஒடம்புக்கு நல்லதுதான்" என்றார். பெரிய மனுஷன்.

ரசத்தை நுரை கட்டும்போது இறக்குவதில் மல்லிகாவுக்குத் தனிப் பெருமை. "நுரையப் பாருங்கண்ணா! எறக்கி வெச்சப்புறமும் பொங்கிக்கினே இருந்துச்சி. இன்னிக்கி இவருகூட ஒத்தாச பண்ணியிருக்காரு. நான் புளியக் கரைச்சி அப்படியே வெச்சிருந்தேன். காலையில பாத்தா, கோது இல்லாம வடிகட்டியே வெச்சிருக்காரு!"

நான் எந்தப் புளியையும் வடிகட்டவில்லை.

கை தானாகத் தலைக்குப் போயிற்று. காதுக்குப் பின்னால் ஏதோ ஒட்டியிருந்தது. எடுத்துப் பார்த்தேன். புளியங்கோது.

மாப்பிள்ளை ரசத்துக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார். அந்த ஒரு நொடியில் என் மூளை ஊரிலுள்ள பொய்களையெல்லாம் புரட்டி, இருப்பதிலேயே மோசமானதைப் பொறுக்கி எடுத்தது.

"பல்லி! ரசத்துல பல்லி!"

மாப்பிள்ளையின் அம்மா இலையை விட்டு எழுந்தே விட்டார். "ஐயையோ, கை நனைக்கிற அன்னிக்கா பல்லி வுழுவணும்! என்னங்க, வாயக் கொப்புளிங்க! ஜல்தியா ஆட்டோவக் கூப்புடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போவலாம்!"

மல்லிகா கரண்டியோடு வந்தாள். "எது பல்லி? மூடி போட்ட குண்டான்ல மூடியத் தெறந்துக்கினு பூந்துச்சா? எங்க, காட்டுங்க!"

இருவரும் சேர்ந்து ரசத்தைத் துழாவினோம். இல்லாத பல்லியைத் தேடுவது சுலபமில்லை. "ஓடிப்போயிருக்கும்" என்றேன்.

"கொதிக்கிற ரசத்துல இருந்து எழுந்து ஓடிடுச்சா?"

சமையலறை வாசலில் நிவேதா நின்றிருந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை.

"பல்லி இல்லீங்க. ஷாம்பு."

"இன்னா ஷாம்பு?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"வூட்ல காச்சினதுங்க. பூந்திக்கொட்டை. கெமிக்கலே கெடையாது." (அந்த நேரத்திலும் விளம்பரம்!)

"அப்ப உங்க தலையில?"

"புளி."

முதலில் மாப்பிள்ளைக்குத்தான் சிரிப்பு வந்தது. சோறு புரையேறி, தலையில் தட்டிக்கொண்டே சிரித்தார். நிவேதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என் தலையைப் பார்த்தார், ரசத்தைப் பார்த்தார், கடைசியில் கணவரைப் பார்த்தார்.

"பல்லின்னா போயிருப்பேன், அதுக்குச் சகுனம் இருக்கு. ஷாம்புக்கு இன்னா சகுனம்? வாயக் கழுவிட்டு வந்து குந்துங்க. நீ மோர் ஊத்தும்மா."

அந்த அம்மா மறுபடி இலைமுன் உட்கார்ந்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. ஆனால் அன்று முதல் திண்டிவனத்தில் எந்த விசேஷம் என்றாலும் முதல் கரண்டி ரசம் எனக்குத்தான். "சம்பந்தி குடிக்கட்டும், பாத்துக்கினு குடிக்கலாம்" என்பார் மாப்பிள்ளையின் அப்பா. போன மாதம் நிவேதாவின் வளைகாப்பிலும் அதே கதைதான். மண்டபம் நிறைய சொந்தக்காரர்கள் கையை இலையில் வைத்துக்கொண்டு என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் விழுங்கி, தலையாட்டிய பிறகுதான் ரச வாளி நகர்ந்தது. கதை தெரியாத சமையல்காரர் மட்டும் பந்தி முடிந்ததும் என்னிடம் வந்து பயபக்தியோடு கும்பிட்டு, "ஐயா இந்தக் குடும்பத்துக்கு ரொம்ப முக்கியமானவர் போலிருக்குங்க" என்றார்.