'செல்லாது' மேம்படுத்தப்பட்ட கதை

அரியணையில் மன்னர் அமர்ந்திருந்தார். வலப்பக்கம் பேரமைச்சர் தாண்டவராயர். இடப்பக்கம், சாளரத்துக் காற்று நன்றாக வரும் இடமாகப் பார்த்து, சொல்லமைச்சர் இளம்பூதியார். பதில் எழுத்தர் தெய்வநாயகத்துக்கு இருக்கை கிடையாது. செருப்பு விடும் இடத்துக்கு அருகே, எழுதுபலகையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

மருதேரி நாட்டில் அரசிடம் எதைக் கேட்டாலும் மனுவின் தலையில் ஓர் ஏவற்சொல் எழுத வேண்டும். அந்தச் சொல் அரசின் பட்டியலில் இருந்தால் வேலை நடக்கும். இல்லாவிட்டால் 'செல்லாது' என்று ஒற்றை வார்த்தையில் பதில் போகும். எது தவறு, எது சரி என்று அதில் இருக்காது.

கீழமடை மூக்காயி மதகைத் திறக்கச் சொல்லி 'உடனே' என்று எழுதிக்கொண்டே இருந்தாள். 'செல்லாது' போய்க்கொண்டே இருந்தது. கடைசி மனுவில், "எது தப்புன்னு சொன்னா திருத்திக்கிறேன் சாமி. இந்த வாரம் தண்ணி வரலைன்னா அறுக்க ஒண்ணுமில்ல" என்றிருந்தது. அதைப் படித்த பிறகுதான், பதிலை மேம்படுத்தலாமே என்று தெய்வநாயகம் விண்ணப்பித்தார். சபை கூடியது.

"பெரிய மாத்தம் ஒண்ணும் வேண்டாங்கய்யா. 'உடனே' இப்பச் செல்லாது, 'முறைப்படி'ன்னு எழுதுங்கன்னு ஒரு வரி சேர்த்தாப் போதும்."

"'உடனே'யை நீக்கியது யார்?" என்று கேட்டார் மன்னர்.

"தாங்கள்தான் அரசே," என்றார் பேரமைச்சர். "மக்கள் அவசரப்படக் கூடாது என்று."

"என்ன சொல் எழுதணும்னு போட்டிருக்கிற ஊர்ப் பலகையில இன்னும் 'உடனே'ன்னுதானுங்க இருக்கு," என்றார் தெய்வநாயகம்.

"பலகையை மாற்றினால் முன்பு தவறியதாக ஆகும்," என்றார் பேரமைச்சர். " இந்த அரசு தவறியதில்லை. தவிர, சரியான சொல்லைச் சொல்லிவிட்டால் எல்லோரும் சரியாக எழுதிவிடுவார்கள். எல்லா மதகையும் திறக்க வேண்டி வரும். மேல்மடைத் தோட்டங்கள் என்னாவது?"

மேல்மடைத் தோட்டங்கள் யாருடையவை என்று சபைக்குத் தெரியும்.

"ஆனாலும் பதில் வறட்டுத்தனமாகத்தான் இருக்கிறது," என்றார் மன்னர்.

சொல்லமைச்சர் பொழுது சாயும்வரை மேம்படுத்தினார். 'பேரன்பிற்குரிய குடிமகளே' சேர்ந்தது. மன்னரின் படம் சேர்ந்தது. 'தங்கள் பிழையைத் தாங்களே அறிவீர்கள்' என்பது சேர்ந்தது. பிழையை உணர அவகாசம் வேண்டுமே என்று, ஒரு போகம் முடியும்வரை மறுமனு கூடாது என்றும் சேர்ந்தது. அதன் கீழே 'செல்லாது' அப்படியே இருந்தது.

"ஒரு போகம்னா பயிரு போயிடுங்களேய்யா."

"மதகு எங்கேயும் போய்விடாது, எழுத்தரே," என்றார் பேரமைச்சர் கனிவாக. "யோசனை உம்முடையது. கீழே உம் பெயரையே போடும்."

தெய்வநாயகம் எழுதினார். எழுத எழுத, சொல்லமைச்சர் பக்கத்தில் நின்று விரல் வைத்துப் படித்தார். ஒரு சொல்லைக்கூடக் கூடுதலாகச் செருக இடமில்லை. பெயரைப் போட்டு, மடித்து, அரக்கை உருக்கி ஊற்றினார்.

வாங்கிக்கொண்ட குதிரைக்காரன் கையில் தூக்கிப் பார்த்தான். "கனமா இருக்கே. நல்ல சேதிங்களாண்ணே?"

"மரியாதையா எழுதியிருக்கு," என்றார் தெய்வநாயகம்.

முத்திரை காய்ந்ததும் குதிரை கீழமடைக்குப் புறப்பட்டது.