சத்தம் போடாத டிடெக்டர்

"சார், உங்களைப் பத்தி ஒரு புகார் வந்திருக்கு," என்றார் குடியிருப்பு சங்கச் செயலாளர். சொல்லும்போது அவர் லிப்ட்காரரின் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலில் இருந்த செருப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன புகார்?"

"காலைல நீங்க தோட்டத்துல இருக்கறப்போ சத்தம் தாங்கலையாம். கீழ்வீட்டு நர்ஸம்மா ராத்திரி டியூட்டி முடிச்சு வந்து தூங்கற நேரம். கொஞ்சம் குறைச்சுக்கிட்டீங்கன்னா..." அதற்கு மேல் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்ததோ என்னவோ, விறுவிறுவென்று படியிறங்கிவிட்டார்.

லிப்ட்காரர் என்பது பட்டப்பெயர். முப்பது வருஷம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர். டார்ச், ஸ்பேனர், ஒரு பாட்டு என்று மூன்றே துணையோடு இருட்டுக் குழிக்குள் தன்னந்தனியாகத் தொங்கிக்கொண்டு வேலை பார்த்த மனிதர். ஓய்வு பெற்ற மறுவாரமே மனைவி அவருக்கு ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கிக் கொடுத்தாள்.

"வீட்டுக்குள்ளயே சுத்திச் சுத்தி வராம, வெளியில போய் எதையாவது தேடுங்க. உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

நல்லதாகத்தான் போயிற்று. மண்ணுக்கு மேலே தட்டை ஆட்டிக்கொண்டு போனால், இரும்புக்கு 'டொர்ர்' என்று உறுமும். காசுக்குக் 'கீங்' என்று கூவும். கிடைத்த பழைய காசுகளைத் தேய்த்துக் கழுவி ஜாம் பாட்டிலில் போட்டு வைப்பார். பாட்டில் பாதி நிரம்பியிருந்தது. காலை ஏழிலிருந்து ஒன்பது வரை அவரைவிடச் சந்தோஷமான ஆள் அந்தத் தெருவிலேயே கிடையாது.

"சத்தம்தானே? குறைச்சுட்டாப் போச்சு," என்றார் மனைவியிடம். "திருகு இல்லாத மெஷின் உலகத்துல உண்டா?"

எட்டில் இருந்த சத்தத்தை நாலுக்குக் கொண்டுவந்தார்.

மறுநாள் காலை தோட்டமே வெறிச்சென்று இருந்தது. மெஷின் என்ன சொல்கிறது என்று கேட்க முதுகை வளைத்துக்கொண்டே நடக்க வேண்டியிருந்தது. கிடைத்தது ஒரு சோடா மூடி, கூடவே ஒரு இடுப்புப் பிடிப்பு. இருந்தாலும் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டோம் என்று ஒரு நிறைவு.

இரண்டாம் நாள் செயலாளர் மறுபடியும் வந்து செருப்பைப் பார்த்தார்.

"சார், குறையலையாம். கூடியிருக்காம்."

"கூடியிருக்கா? பாதியாக் குறைச்சிருக்கேன் சார்!"

"எனக்கென்ன தெரியும்? ஞாயித்துக்கிழமை கூட்டம். மூணாவது தடவையும் புகார் வந்தா, காலைல உங்களைத் தோட்டத்துக்குள்ள விடக் கூடாதுன்னு தீர்மானம் போட்டுடுவாங்க போலிருக்கு."

லிப்ட்காரர் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார். அந்த இரண்டு மணி நேரம் இல்லாவிட்டால் மிச்சமுள்ள நாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மெஷினோடு வந்த கையேட்டை முதன்முறையாகப் பிரித்தார். இரும்பின் உறுமலை அடியோடு நிறுத்தினார். காசின் கூவலைப் பூனை உறுமுகிற அளவுக்கு இறக்கினார். மெஷின் உயிரோடு இருக்கிறது என்று தெரிய, எப்போதும் ஒரு மெல்லிய 'ம்ம்ம்' மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்படி வைத்தார்.

அந்த 'ம்ம்ம்' அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. சுருதிப்பெட்டி வைத்த மாதிரி இருந்தது. இரண்டு காசுகளை மிதித்துக்கொண்டே தாண்டிப் போனார். அதுகூடத் தெரியாத அளவுக்கு மனசு லேசாகிவிட்டது. கீழ்வீட்டு ஜன்னல் படாரென்று சாத்தும் சத்தம் கேட்டுத்தான் நின்றார்.

"இதுவும் கேக்குதா! என்ன காது அந்தம்மாவுக்கு!"

அன்று மத்தியானமே கடைக்குப் போய் ஹெட்போன் வாங்கி வந்தார், காது முழுவதையும் கவ்விப் பிடிக்கிற மாதிரி, குண்டாக. மெஷினில் செருகியதும் வெளியே சத்தம் சைபர். உள்ளே காதுக்குள் மட்டும் 'ம்ம்ம்', 'கீங்'. இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை சொர்க்கம். ஒன்பது காசு கிடைத்தது. வாலைச் சுருட்டிக்கொண்டு ஒரு நாய் வேலியைத் தாண்டி ஓடியது. மாடியில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. பால்கனியிலிருந்து செயலாளர் இரண்டு கையையும் ஆட்டினார். இவரும் பதிலுக்குச் சந்தோஷமாகக் கையாட்டினார்.

பத்து மணிக்குப் புகார் வந்தது. இந்த முறை எழுத்தில். ஏழு வீட்டுக் கையெழுத்து.

லிப்ட்காரர் இடிந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து, மனைவிக்கு முன்னால் மெஷினை வாய் திறக்காமல் இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினார்.

"நீயே சொல்லு. ஏதாவது சத்தம் கேக்குதா?"

"இல்லங்க."

"காலைலயாவது கேட்டுதா?"

"என்னைக் கேட்டா?" மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "எனக்குத்தான் முப்பது வருஷமாப் பழகிப்போச்சே."

மெஷின் வந்தே மூன்று மாதம்தான் ஆகிறது. இதை யோசித்துப் பார்க்கும் நிலையில் அவர் இல்லை.

சாயங்காலம், நர்ஸம்மா டியூட்டிக்குக் கிளம்பும் நேரம் பார்த்து, மெஷினும் ஹெட்போனுமாகப் போய் மணியடித்தார். பின்னாலேயே மனைவியும் போனாள். நர்ஸம்மா கதவைத் திறந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம், கையில் சாப்பாட்டுப் பை.

"அம்மா, ஒரே நிமிஷம்." கால்மிதியில் ஒரு காசைப் போட்டு, அதன் மேல் மெஷினை ஆட்டினார். ஒரு சத்தமும் இல்லை. ஹெட்போனைக் கழற்றி அவள் காதருகே பிடித்தார். 'கீங்' என்றது.

"பாத்தீங்களா? உள்ள மட்டும்தான். எட்டுல இருந்தது நாலாச்சு, நாலு சைபராச்சு. இதுக்குக் கீழ குறைக்க மெஷின்ல எண்ணே இல்லம்மா!" மெஷினை மார்போடு அணைத்துக்கொண்டார். "காலைல அந்த ரெண்டு மணி நேரம்தாம்மா எனக்கு. அதைப் பிடுங்கிடாதீங்க. இன்னும் எதைக் குறைக்கணும், சொல்லுங்க, குறைச்சுடறேன்."

நர்ஸம்மா அவர் மனைவியைப் பார்த்தாள். மனைவி கூரையைப் பார்த்தாள்.

"குறைக்கவே வேண்டாம் சார்," என்று கையெடுத்துக் கும்பிட்டாள் நர்ஸம்மா. "மெஷினைப் பழையபடி எட்டுலயே வைங்க, அது கத்திட்டிருந்தப்போ உங்க பாட்டு பாதிதான் கேட்டுது."