சம்பந்திக்கு விட்டுக்கொடுத்த கழுத்து

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே வீட்டில் எல்லோரும் சுகம், கடை சுமார், என் இடது முழங்கை மட்டும் இன்னும் மடங்க மறுக்கிறது. அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் நலம் என்று என் மகள் சொல்லித் தெரிந்துகொண்டேன். நேரடியாகக் கேட்கலாம் என்றால் தாங்கள் போனை எடுப்பதில்லை. சம்பந்தியம்மா எடுத்து, "அவர் குளிக்கிறார்" என்கிறார். ஒரு மனிதர் காலையிலும் குளித்து, மத்தியானமும் குளித்து, சாயங்காலமும் குளித்தால் குழாய் வியாபாரியான நான் சந்தோஷப்பட வேண்டும். பட முடியவில்லை. ஆகவே இந்தக் கடிதம்.

நம்மை ஜியு ஜிட்சு மல்யுத்த வகுப்பில் தள்ளிவிட்டது நம் பிள்ளைகள்தான். தாங்கள் வரி அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்று, ஃப்ரிட்ஜை யார் அடிக்கடி திறக்கிறார்கள் என்று வீட்டில் விசாரணை நடத்த ஆரம்பித்திருந்த நேரம். எனக்கோ டாக்டர் என் வயிற்றை எனக்கே சுட்டிக்காட்டி எச்சரித்திருந்த நேரம். "அடி, உதை எதுவும் கிடையாதுப்பா. கட்டிப்பிடிச்சு உருளணும், வசமா மாட்டிக்கிட்டா கையால தட்டணும், உடனே விட்டுடுவாங்க, அவ்வளவுதான்" என்றாள் மகள். இதில் கைநஷ்டம் ஏதும் தெரியாததால் சரி என்றேன். வெள்ளை அங்கியும் வெள்ளை பெல்ட்டும் கட்டிக்கொண்டு நாம் இருவரும் மெத்தை விரிப்பில் நின்றபோது, வயசுக்கு வயசு பொருத்தம் என்று மாஸ்டர் நம்மை ஜோடி சேர்த்தார். அவர் சின்ன வயசுக்காரர். கல்யாணம் ஆகாதவர். சம்பந்தி என்றால் என்ன என்று அவருக்கு எப்படித் தெரியும்?

முதல் நாளே தாங்கள் என் நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்தீர்கள். உள்ளதைச் சொல்கிறேன், கோபிக்கக் கூடாது. சம்பந்தம் பேச வந்த அன்று காபி ஆறிவிட்டது என்று தாங்கள் லேசாக முகம் சுளித்ததற்கே எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. அப்படிப்பட்டவரை நான் கீழே தள்ளி, கழுத்தில் கையைக் கொடுத்து, அதன்பிறகு என் மகள் எந்த முகத்தோடு அந்த வீட்டில் வாழ்வாள் என்று யோசித்தேன். யோசித்த மாத்திரத்தில் தட்டிவிட்டேன். தாங்களும் விட்டுவிட்டீர்கள். "என்ன சம்பந்தி, அதுக்குள்ளயா?" என்று கேட்டுச் சிரித்தீர்களே, ஓய்வு பெற்ற பிறகு தங்கள் முகத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு அது. அதைப் பார்த்ததும் எனக்கு ருசி கண்டுவிட்டது. கடையில் எந்தக் கொம்பன் வந்தாலும் கடைசி விலையை எடுத்தவுடன் சொல்லாதவன், மெத்தை விரிப்பில் மட்டும் கடைசி விலையோடுதான் வியாபாரத்தையே ஆரம்பித்தேன். கழுத்துப் பக்கம் தங்கள் கை வரும்போதே தட்டுவேன். சில நாள் கை வருவதற்கு முன்பே தட்டுவேன்.

இதனால் என் முன்னேற்றம் என்னவென்றால், முன்னேற்றமே இல்லை. நம்மோடு சேர்ந்த தையல்காரம்மா, வேன் டிரைவர் எல்லோருக்கும் தேறியதற்கு அடையாளமாக பெல்ட் நுனியில் மாஸ்டர் ஒரு பட்டை ஒட்டினார். என் பெல்ட்டைக் கையில் எடுத்து, பார்த்து, திருப்பிப் பார்த்து, "நீங்க தட்டுறது மட்டும் ரொம்ப சுத்தமா இருக்கு சார்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். ஒன்றுமில்லாமல் தொடங்கி ஒரு கடையை நிறுத்திக் காட்டியவன் நான். எந்தச் சரக்கையும் கையில் எடுத்தால் அதன் கனத்தைச் சொல்லிவிடுவேன். என் சொந்தக் கனம் எனக்கே தெரியாமல் இத்தனை மாதம் உருண்டிருக்கிறேன்.

என்னோடு போயிருந்தால் பரவாயில்லை. தாங்கள் அந்த வெற்றிகளை நம்பி, மூத்தோர் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டீர்கள். அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. குடும்பம் மொத்தமும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, எதிரே வந்தவர் பேக்கரிக்காரர், வாழ்நாளெல்லாம் மாவு பிசைந்த கை. மாப்பிள்ளை போனில் வீடியோ பொத்தானைத் தேடிக்கொண்டிருக்கும்போதே தாங்கள் கீழே போய்விட்டீர்கள். கழுத்து மாட்டிவிட்டது. தட்ட வேண்டும். தாங்கள் தட்டவில்லை. அவரையே பார்த்தபடி காத்திருந்தீர்கள். எதற்காகக் காத்திருந்தீர்கள் என்பது அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும் தெரியும். எதிராளி தட்டுவார், எப்போதும் தட்டுவார்தானே என்று காத்திருந்தீர்கள். நடுவர்தான் வந்து பிரித்துவிட்டார்.

திரும்பி வரும்போது காரில் ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று நான் வாயைக் கொடுத்தேன்.

"விடுங்க சம்பந்தி, அந்த ஆளுக்கு உங்களை யாருன்னு தெரியாதுல்ல."

தாங்கள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டீர்கள்: "அப்ப, தெரிஞ்சவங்க?"

சிக்னலில் இறங்கி அந்த அங்கியோடே நடந்து போனீர்கள். அதிலிருந்து குளித்துக்கொண்டே இருக்கிறீர்கள்.

சம்பந்தி, மரியாதை கொடுப்பதாக நினைத்து உங்களை ஊரார் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டேன். என்னை மன்னித்து மறுபடி வகுப்புக்கு வரவேண்டும். நீங்கள் இல்லாமல் அந்த அறையில் எனக்குப் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. வந்தால், பெண்ணைக் கொடுத்தவன் என்பதை வாசலில் செருப்போடு கழற்றிவைத்துவிட்டு, என் முழு பலத்தையும் காட்டுகிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளையும் மகளும் எந்தக் குறையும் இல்லாமல் நெடுநாள் சேர்ந்து வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் மேல் என்றும் மதிப்புள்ள,
குழாய்க்கடை சம்பந்தி

பின்குறிப்பு: இதைக் காலையில் எழுதி உறையில் போட்டு, சாயங்காலம் வகுப்புக்குப் போனேன். உங்கள் இடத்தில் சலூன்காரரை ஜோடி போட்டார்கள். புதிதாகச் சேர்ந்தவர், என்னில் பாதி இருப்பார். சரி, முழு பலம் எப்படி இருக்கும் என்று இவரிடம் ஒத்திகை பார்க்கலாம் என்று இறங்கினேன். மூச்சு விடுவதற்குள் தட்டினேன். மறுபடி இறங்கி, மறுபடி தட்டினேன். அவர் எனக்கு எந்த வகையிலும் உறவு கிடையாது. மாஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டு, நான் இத்தனை நாள் சம்பந்திக்கு விட்டுக்கொடுத்த விஷயத்தைச் சொன்னேன். "நீங்க எங்க சார் விட்டுக்குடுத்தீங்க? அவர் போட்டதெல்லாம் சரியான பிடி. அவருக்குக் கீழே இருந்துதான் பழக்கம் இல்ல. அதுக்கு நீங்க ஒரு நாளாவது அவரைக் கீழே தள்ளியிருக்கணும்" என்கிறார். ஆகவே மேலே கேட்ட மன்னிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஜெயித்ததெல்லாம் தாங்கள் ஜெயித்ததுதான். சனிக்கிழமை வாருங்கள். முடிந்தால் கீழே எப்படித் தள்ளுவது என்று எனக்குச் சொல்லிக்கொடுங்கள், தள்ளிவிடுகிறேன்.