எடை பார்த்து வாங்கிய ஸ்பீக்கர்கள்

திருப்பூர்,
14.6.1998

அன்புள்ள தம்பி பெருமாள்சாமிக்கு, அக்கா மருதம்மாள் எழுதுவது. இங்கே அனைவரும் சுகம், நீ சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய ஹோம் தியேட்டர் ரிசீவரைத் தவிர. இன்று காலை பல் துலக்குவதற்கு முன்பே அதன் தலையைத்தான் தொட்டுப் பார்த்தேன். சில்லிட்டுக் கிடந்தது. "உந்தம்பி டூப்ளிகேட்ட அனுப்பி என் மானத்தை வாங்கிட்டான், இன்னைக்கே லெட்டர் போடு" என்பது உன் மச்சானின் உத்தரவு. அதனால் எழுதுகிறேன்.

பெட்டியோடு நீ வைத்திருந்த சீட்டில், "அக்கா, ஸ்பீக்கரை நீயே பார்த்து வாங்கு, நீதானே பிசிக்ஸ் படித்தவள்" என்று இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக இந்த வீட்டில் என் படிப்பைப் பற்றி யாரும் பேசியதில்லை. கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் அச்சடித்ததோடு சரி. கூட வந்த புத்தகத்தை இரண்டு தரம் படித்தேன். எட்டு ஓம் ஸ்பீக்கர்தான் மாட்ட வேண்டும், அதற்குக் குறைந்தால் கரண்ட் அதிகம் இழுத்துப் பெட்டி சூடாகும் என்று துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு, கோயமுத்தூர் போகக் காரில் ஏறினால், முன் சீட்டில் நஞ்சப்பன் உட்கார்ந்திருக்கிறார். கம்பெனியில் பனியன் துணியை எடை போட்டுப் பாஸ் பண்ணுகிறவர். ஸ்பீக்கருக்கு எதற்கு இவர் என்று கேட்டேன். "துணியோ எதுவோ, கனம் இருந்தாத்தான் குவாலிட்டி. நீ சும்மா வா புள்ள" என்றார் உன் மச்சான். கடையில் நஞ்சப்பன் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். "இதுதானுங்க மொதலாளி, நல்ல கனம்." "ஏனுங்க, அது எத்தனை ஓம்னு கேளுங்க" என்றேன். "நாலுங்க" என்றார் கடைக்காரர், என்னைப் பார்த்து. அன்றைக்கு என்னைப் பார்த்துப் பேசியவர் அவர் ஒருவர்தான். ஐந்தையும் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். என் காகிதத்தில் நஞ்சப்பன் வெற்றிலைக் கையைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்பீக்கர் முகத்தில் இருந்த கறுப்புத் துணி சோபாவின் மெரூனோடு சேரவில்லை என்று ஒரு பேச்சு. ஷேடு சேராவிட்டால் உன் மச்சானுக்குச் சோறு இறங்காது. ஆர்டர் கேன்சலாகிக் கிடந்த மெரூன் ரிப் துணியை இரண்டு மடிப்பாக ஐந்துக்கும் இழுத்துத் தைத்தார்கள். அதன்பின் சத்தம், கம்பளிக்குள் யாரோ இருமுவதுபோல வந்தது. அதனால் வால்யூமைக் கூட்டினார்கள். நேற்று, பனியன் வாங்குகிற ஜெர்மன் பையர் சாப்பிட வந்தபோது முழுக்கத் திருகினார்கள். பத்தாவது நிமிஷம் பாட்டு பாதியில் நின்றது. வெள்ளைக்காரர் பாவம், அதுதான் முடிவு என்று நினைத்துக் கை தட்டினார். "மச்சினன் அனுப்புன சாமான், அப்படித்தான் இருக்கும்" என்றார் உன் மச்சான். "ஸ்பீக்கர் மேல குத்தமே இல்லீங்க" என்றார் நஞ்சப்பன். "இல்லீங்க, நாலு ஓம் போட்டதாலதான்..." என்று நான் ஆரம்பித்தேன். "படிச்ச திமிரு" என்று முடித்துவைத்தார் உன் மச்சான்.

ஆகவே, நீ அனுப்பியது போலி என்று இதன் மூலம் உனக்குத் தெரிவித்தாகிவிட்டது. உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், படித்ததை யாராவது கேட்கிற வீட்டில் வாழட்டும்.

அக்கா மருதம்மாள்

பி.கு.: "எழுதீட்டயா?" என்றார் உன் மச்சான். "எழுதீட்டனுங்க" என்றேன். என்ன எழுதினேன் என்று கேட்கவில்லை. பெட்டிக்கு ஒன்றுமில்லை, கண்ணு. சூடு தாங்காமல் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். காலையில் தொட்டுப் பார்த்தேன் என்றேனே, உடனே அந்தக் கனங்களைக் கழற்றிவிட்டு, என் கல்யாணத்துக்கு அப்பா கொடுத்த ரெக்கார்டு பிளேயரின் இரண்டு ஸ்பீக்கரைப் பரணிலிருந்து இறக்கி மாட்டினேன். எட்டு ஓம். மெதுவாக வைத்தேன். பாடியது. நாளைக்கு இவர் புது ரிசீவர் வாங்கப் போகிறார். "செத்ததை எங்கியாச்சும் தூக்கிப் போடு" என்றிருக்கிறார். மாடி அறையில் என் கட்டிலருகே போடப்போகிறேன். உயிரோடு இருப்பதை இங்கே யாருக்கும் சொல்லவில்லை, சொல்வதாகவும் இல்லை. மாடியில் என்ன சத்தம் என்று உன் மச்சான் கேட்டால் ரேடியோ என்பேன்.

கேட்கமாட்டார்.