வாய்க் கிரேன் வெறுத்த சத்தம்

எங்கள் கல்மண்டபம் ஏரியாவில் யார் கொட்டாவி விட்டாலும், வாய் எவ்வளவு திறந்தது என்று பார்த்து மார்க் போட்ட ஒரே மனுஷன் எங்கள் வாய்க் கிரேன்தான்.

துறைமுகத்தில் கப்பல் மேல்தளத்தில் நின்று, கிரேன் ஓட்டுகிறவருக்குக் கையால் சைகை காட்டுவது அவர் வேலை. தூக்கு, இறக்கு, முன்னால், பின்னால். ஒருநாள் கப்பல் அதிகாரி ஒருவன் அவர் இங்கிலீஷைக் கேட்டுச் சிரித்துவிட்டான். அன்றைக்கே பழைய புத்தகக் கடையில் ஓர் உச்சரிப்பு நூலை வாங்கினார். எங்களைச் சனி பிடித்தது.

"இங்கிலீஷ்ல உயிரெய்த்து அஞ்சுதான் மாமு, சத்தம் இருபது கீது," என்று டீக்கடையில் ஆரம்பிப்பார். "நாக்குதான் கொக்கி. 'ஷீப்'னா கொக்கி மேல, முன்னால. 'கார்'னா கீழ, பின்னால. 'மூன்'னா மேல, பின்னால, உதட்டக் குவி." சொல்லச் சொல்லக் கை தானாகச் சைகை காட்டும். அந்தக் கையை நம்பி லாரியைப் பின்னால் எடுத்த ஒரு டிரைவர், டீக்கடைப் பெஞ்சை நொறுக்கினார்.

"'பெஞ்ச்'சுக்குப் பாதி எறக்கம் போதும்பா," என்றார் வாய்க் கிரேன்.

ஒரே ஒரு சத்தம் மட்டும் அவருக்கு ஆகாது. 'அபவுட்' என்ற சொல்லின் தலையில், வந்ததே தெரியாமல் வந்துபோகும் சத்தம். நாக்கு மேலேயும் போகாது, கீழேயும் போகாது, நடுவில் சும்மா கிடக்கும். "சோம்பேறி. சிக்னலே கிடையாது. இதெல்லாம் ஒரு சத்தமா?" என்று திட்டுவார்.

போன வருடம் அவர் மனைவி ஸ்டெல்லாக்காவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். அக்காவால் மாடிப்படி இறங்க முடியாது. மனுஷன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, தானே சொல்லிக்கொடுக்க ஷேவிங் கண்ணாடியை அக்கா முன்னால் எடுத்துவைத்தார்.

"ஸ்டெல்லா, கொக்கிய எறக்கு. 'கார்'... இன்னும் எறக்கு." கட்டைவிரலைக் கீழே காட்டியபடி நிற்பார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருப்பார். மூன்று மாதம் இப்படியே போனது. தெருவில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"தமிழ்லயே சொல்லிக் குடுக்கலாமே அண்ணே?" என்றேன்.

"தமிழ்ல அவ எப்டிப் பேசுவான்னு எனக்குத் தெரியும்பா. அத்த நெனச்சா அழுகை வருது. இதுன்னா ஒரு வேலை மாதிரி செஞ்சிகினு போலாம்."

ஒரு காலையில் பால் பாக்கெட் கொடுக்கப் போனேன். கண்ணாடியைத் துடைக்க அவர் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். அக்காவின் உதடு லேசாகப் பிரிந்து ஒரு சத்தம் வந்தது. அதே சோம்பேறிச் சத்தம். அவரைத்தான் கூப்பிடுகிறார் என்று எனக்கே புரிந்தது.

திரும்பியவர் சைகை காட்டக் கையைத் தூக்கினார். அந்தச் சத்தத்துக்குத்தான் சைகை கிடையாதே. கையைக் கீழே போட்டுவிட்டு அக்கா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அதன்பிறகு அக்கா உயிரோடு இருந்த ஐந்து மாதமும் தண்ணீர், ஃபேன், புருஷன் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சத்தம்தான். எது எதற்கு என்று அவருக்கு மட்டும் தெரியும்.

இப்போது டீக்கடையில் அவர் வாயே திறப்பதில்லை. போன வாரம் வேண்டுமென்றே அவர் எதிரில் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டேன். என் வாயை உற்றுப் பார்த்தார்.

"பத்துக்கு நாலு," என்றார்.

அந்த நாலு மார்க்குக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது.