நறுக்கிய காயும் விழுந்த பேனாவும்

தெளிவாகப் பேசினால் எல்லோருக்கும் நன்மை என்று நம்புகிறவர்களில் நானும் ஒருத்தியாக இருந்தேன். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், ஷார்ஜாவின் ரோலாவில், ஒரு வியாழக்கிழமைக் காலையில் அந்த நம்பிக்கை என்னைவிட்டுப் போயிற்று.

எங்கள் சிறிய மென்பொருள் அலுவலகத்தில் நிரல் எழுதுபவர்கள் ஆறு பேர். அவர்களில் நானே இளையவள். ஆகவே எல்லாம் தெரிந்தவளும் நானே. (இருபத்தைந்து வயதில் அது ஒரு நோய்.) புதிதாக வந்திருந்த ஒரு ஃபிரேம்வொர்க்கைப் படித்துவிட்டு, அதன் நன்மைகளை மற்ற ஐவருக்கும் விளக்குவதாக நானே முன்வந்தேன். மேனேஜரும் வந்து கடைசி நாற்காலியில் அமர்ந்தார். பம்பாய்க்காரர், ‘அச்சா’வுக்கு மேல் சொற்களை வீணாக்காதவர்.

ஆங்கிலத்தில் விளக்கினேன். ரோலாக் கடைகளில் சாம்பாருக்கு வேண்டிய காய்களை நறுக்கிப் பொட்டலமாக விற்கிறார்கள் அல்லவா? இதுவும் அதுபோலத்தான். ஒவ்வொரு மென்பொருளுக்கும் நாம் திரும்பத் திரும்ப எழுதும் பகுதிகள் இதில் தயாராக இருக்கின்றன. அடுப்பில் ஏற்றுவது மட்டுமே நம் வேலை.

முன்வரிசையிலிருந்து சிவராசா அண்ணன் தமிழில் கேட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், விசா கிடைத்து அவர் மனைவி வந்துசேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

“அப்ப இவ்வளவு நாளும் காய் நறுக்கினவன் என்ன செய்யிறது, பிள்ளை?”

“அவர் தேவையே இல்லண்ணா!” என்றேன், மலர்ந்த முகத்தோடு.

மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கணக்குத் தெரியும். “அச்சா. இப்போது ஆறு பேர். இது வந்தால்?” என்று கேட்டார்.

“இரண்டு பேர் போதும், சார்!”

ஏசியின் இரைச்சல் அன்றுதான் முதன்முறையாக என் காதில் விழுந்தது. வளைகுடாவில் வேலை போனால் விசா போகும். விசா போனால் மனைவியும் விமானம் ஏற வேண்டும். இது எனக்குத் தெரியாததல்ல. தெளிவாக விளக்கும் ஆர்வத்தில் மறந்துபோயிற்று. (அந்த இருவரில் நானும் ஒருத்தி என்று எனக்கு யார் சொன்னார்களோ!)

“செய்து காட்டு” என்றார் மேனேஜர்.

முந்தைய நாள் பதினைந்து முறை பிசகாமல் ஓடிய நிரல் அது. பொத்தானை அழுத்தினேன். திரை முழுவதும் சிவப்புப் பிழைச்செய்தி. மீண்டும் அழுத்தினேன், மீண்டும் சிவப்பு. வியர்த்து நிமிர்ந்தபோது சிவராசா அண்ணன் என் மேசைக்கடியிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார்.

“பேனா விழுந்திட்டுது” என்றார், பொதுவாக.

“அச்சா. கலாஸ்” என்று அரபியில் முடித்துவிட்டு மேனேஜர் எழுந்து போனார். ஆறு பேரும் ஆறு பேராகவே இருந்தோம்.

அறை காலியான பின் குனிந்து பார்த்தேன். சர்வரோடு இணைக்கும் வயர் பிடுங்கப்பட்டுத் தரையில் கிடந்தது. நிமிர்ந்தால், காகிதக் குவளையோடு அவர் நின்றிருந்தார். பேனா சட்டைப் பையில் பத்திரமாக இருந்தது.

“தேத்தண்ணியைக் குடியும், பிள்ளை. நல்லா விளங்கப்படுத்தினீர். அதுதான் பிழை.”

அடுத்த ஆண்டு அதே ஃபிரேம்வொர்க்கைக் கொண்டுவந்தோம். ஆறு பேரும் சேர்ந்து, மிக மிக மெதுவாக.

நடந்ததை அன்று மாலையே என் கணவரிடம் சொல்லித் தொலைத்தேன். இன்றும் வீட்டில், விருந்தினர் முன்னால் எதையாவது நான் தெளிவாக விளக்கத் தொடங்கினால், அவர் மெல்ல மேசைக்கடியில் குனிகிறார். என்ன தேடுகிறார் என்று விருந்தினர் கேட்பார்கள். பதில் சொல்வது என் மகள்.

“அப்பாவோட பேனா விழுந்துடுச்சு, ஆன்ட்டி.”